மலைக்கனியும் மலையறிந்தாரும்

தமிழ் படித்தார் எல்லார்க்கும் அறிமுகமான மலைக்கனி ஒன்று உண்டு. அதியமான் நெடுமானஞ்சி ஔவையாருக்கு ஈந்த நெல்லிக்கனியே அது. புறநானூற்றின் 91 ஆம் பாட்டு அக்கனியைப் பற்றியது. ஏறுதற்கரிய பெருமலையின் பிளவிலே நின்ற மரத்திற் பெற்ற அருங்கனியை, அதன் பயனை வாய்விட்டுரையாது தன்னுள்ளே அடக்கிக்கொண்டு, தான் உண்ணாது புலவர்க்கு உண்ணக்கொடுத்தான் மன்னன் என்பது அப்பாட்டின் பொருள். நம் வகுப்பறைகளில் இதனைக் கொடைக்கு எடுத்துக்காட்டாகப் படிப்பிக்கின்றோம். பரீட்சையில் வினாவாகக் கேட்கின்றோம். மாணவரும் தன்னலமின்மை என்று எழுதிப் புள்ளி பெற்றுச் செல்கின்றனர். நன்று. ஆயினும், இப்பாட்டைப் பல ஆண்டுகள் படிப்பித்த பின்னர் நமக்கு எழுகின்ற வினா வேறு. அக்கனியின் பயன் மன்னனுக்கு எவ்வாறு தெரிந்தது? அரண்மனையில் இருந்தவன், மலைப்பிளவில் எந்த மரம் நிற்கின்றது, எப்பொழுது காய்க்கின்றது என்றெல்லாம் தானே சென்று கண்டறிந்திருத்தல் அரிது. மலையில் வாழ்ந்த யாரோ ஒருவர் சொல்லியிருத்தல் வேண்டும் என்பது நம் ஊகம். கொடுத்தவன் பெயர் நிலைத்தது. பெற்றவர் பெயரும் நிலைத்தது. காட்டியவர் பெயர் மட்டும் இல்லை.

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை கேட்டபோது, அந்தப் பெயரில்லாதவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அவர் இன்றும் இருக்கின்றார். நம் ஊருக்கு அண்மையிலேயே இருக்கின்றார். இன்னும் சில ஆண்டுகளில் இல்லாமற் போகவுங் கூடும்.

இவ்வினாவை இப்பொழுது எழுப்புவதற்குக் காரணம், அண்மைக்காலத்தில் நம் வீதிகளிலும் பஸ் நிலையங்களிலும் கைத்தொலைபேசிகளிலும் உலவுகின்ற ஒரு சொல். ஆங்கிலத்தில் 'அன்ரிஒட்சிடன்ற்' என்பர். மலைநெல்லிச் சாறு என்றும், மூலிகைத் தூள் என்றும், இமயத்துப் பழம் என்றும் பெயர் சூட்டிய போத்தல்களின் மேல் இச்சொல் ஒரு மந்திரம்போல் அச்சிடப்பட்டிருக்கின்றது. இதற்குத் தமிழ்நாட்டார் 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான்' என்று எழுதுகின்றனர். ஒட்சிசன் என்றும் ஒட்சியேற்றம் என்றும் பாடநூலிற் படித்த நமக்கு 'ஒட்சியேற்றத் தடுப்பி' என்பது எளிது. அதனையே இங்கு வழங்குவோம். நாம் விஞ்ஞானம் கற்பிப்போர் அல்லர், தமிழ் கற்பிப்போர். ஆயினும், ஒரு சொல் தன் பொருளை விட்டு வெறும் ஒலியாகி விற்பனைக்கு வரும்போது, அதன் பொருள் யாது என்று கேட்பது தமிழாசிரியன் தொழிலே அன்றோ?

பொருளை அடுக்களையிலேயே காணலாம். வாழைக்காயைச் சீவி வைத்தால் சிறிது நேரத்தில் வெட்டுவாய் கறுக்கின்றது. அதிலுள்ள பொருள்கள் காற்றின் ஒட்சிசனோடு சேர்தலே அக்கறுப்பு. தேசிக்காய்ப் புளியைப் பூசினாற் கறுத்தல் தாமதமாகும். புளியின் அமிலமும் அதிலுள்ள விற்றமின் சீயும் அவ்வேலையைச் செய்கின்றன. நல்லெண்ணெய் மற்றைய எண்ணெய்கள் போல விரைவிற் காறாதிருப்பதற்கும், எள்ளில் இயல்பாகவே உள்ள தடுப்பிகளே காரணம். இரும்பு துருப்பிடிப்பதும் இவ்வினத்ததே. நம் உடம்பின் கலங்களிலும் இது ஓயாது நடக்கின்றது. மூச்சிழுத்து உயிர்வாழும்போது, இலத்திரன் ஒன்று இணையில்லாது நிற்கும் மூலக்கூறுகள் சில தோன்றுகின்றன. இணை தேடும் அவை அண்மையிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் மரபணுவையும் தாக்கும். தன் இலத்திரனை அவற்றிற்குக் கொடுத்து அமைதிப்படுத்தும் பொருளே ஒட்சியேற்றத் தடுப்பி. இந்தத் தாக்குதலாலேயே முதுமை வருகின்றது என்னுங் கொள்கையை டெனம் ஹார்மன் என்னும் அமெரிக்கர் 1956 இல் வெளியிட்டார். 1969 இல் மக்கோர்ட், பிரிடோவிச் என்னும் இருவர், இத்தகைய மூலக்கூறுகளை அடக்கும் நொதியம் ஒன்று நம் உடம்பிலேயே உண்டு என்று காட்டினர். ஆகவே, போத்தல் வாங்காதவன் உடம்பு காவலின்றிக் கிடக்கின்றது என்பது பொய். உடம்பு தன் காவலைத் தானே வைத்திருக்கின்றது. வெளியிலிருந்து வருவது துணைப்படை மட்டுமே.

மலைத்தாவரத்துக்கு இதில் ஏன் தனிச்சிறப்பு? மரம் வெயிலுக்கு அஞ்சி நிழலுக்கு ஓட இயலாது. பூச்சி கடித்தால் தட்டிவிடக் கையில்லை. உயரத்திற் செல்லச் செல்லச் சூரியனின் ஊதாக்கடந்த கதிர் கடுமையாகும். இரவிற் குளிர், பகலிற் காய்ச்சல். இவற்றையெல்லாம் நின்ற இடத்தில் நின்றே தாங்குவதற்குத் தாவரம் தன் இலையிலும் தோலிலும் கனியிலும் பொலிபீனோல், தனின், பிளவனொயிட்டு முதலான பொருள்களைச் செய்து சேர்க்கின்றது. துவர்ப்பும் கசப்பும் கருநீலமும் பெரும்பாலும் இவற்றாலேயே வருகின்றன. நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கை நீலமாக்குவது அந்தோசயனின் என்னும் நிறப்பொருள். தாவரம் இவற்றைத் தனக்காகவே செய்கின்றது, நமக்காக அன்று. இதனை மறவாதிருத்தல் நலம்.

நெல்லிக்கு வருவோம். இந்தியாவின் பழைய உணவு அட்டவணை, நூறு கிராம் நெல்லிக்காயில் 600 மில்லிகிராம் விற்றமின் சீ உண்டு என்று கூறிற்று. பின்னைய அளவீடுகள் அதனிலும் குறைவாகக் காட்டின. எவ்வாறாயினும் தோடம்பழத்தின் 50 மில்லிகிராமோடு ஒப்பிட்டால் நெல்லி பன்மடங்கு மேலானது. 1939-40 இல் வட இந்தியாவின் ஹிசார் மாவட்டத்துப் பஞ்சத்தின்போது, விற்றமின் சீக் குறைவால் முரசு வீங்கிக் குருதி கசியும் ஸ்கேர்வி நோய் பரவியபோது, நெல்லிக்காயே மருந்தாய் உதவிற்று. ஆனால் நெல்லியின் ஆற்றல் விற்றமின் சீயோடு முடிவதன்று. கலிக்கமிலம், எலாஜிக்கமிலம், இவற்றோடு தொடர்புடைய தனின்கள் பல அதில் உள்ளன. 1996 இல் இந்திய ஆய்வாளர் சிலர் அத்தனின்களுக்கு எம்பிலிக்கானின் என்று பெயரிட்டு, நெல்லியின் தடுப்பாற்றலுக்கு இவையே காரணம் என்றனர். அப்பொருள்கள் அதில் உளவோ என்றே பின்வந்தோர் ஐயுற்றனர். ஒரு சிறு காயைப் பற்றி இத்தனை வழக்கு நடந்துகொண்டிருக்க, போத்தற்காரன் மட்டும் எல்லாம் அறிந்தவன்போற் பேசுகின்றான்.

நெல்லி நமக்கு அயலது அன்று. ஊவா மாகாணத்திலே, பிபிலைக்கும் இங்கினியாகலைக்கும் இடையிலுள்ள நில்கல என்னும் மலைச்சாரலில், புல்லும் மரமுமாய் விரிந்த வெளியிலே, நெல்லி, கடுக்காய், தான்றி என்னும் மூன்றும் இயல்பாகவே வளர்ந்து நிற்கின்றன. திரிபலை என்று மருத்துவ நூல்கள் கூறும் மூன்றும் ஒரே சாரலில்! சிங்கள மக்கள் கடுக்காயை அரலு என்பர். தான்றியைப் புலு என்பர். நெல்லியை நெல்லி என்றே சொல்வர். இரு மொழிக்கும் பொதுவான அச்சொல்லை வகுப்பிலே சொன்னால் மாணவர் முகம் மலர்வதைக் கண்டிருக்கின்றோம். அச்சாரலில் அடிக்கடி தீப்பரவும், புல் எரியும், தடித்த பட்டையுடைய இம்மரங்கள் தப்பிப் பிழைக்கும்.

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, நெல்லியின் சத்தைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கி விழுங்கினால் என்ன என்று ஒருவர் வினவலாம். வினவியே இருக்கின்றனர், விடையும் கிடைத்திருக்கின்றது. கரட்டிலும் மஞ்சள் நிறக் கனிகளிலும் உள்ள பீற்றா கரோற்றீன் என்னும் தடுப்பியை உணவிலே மிகுதியாக உண்டவர்க்குச் சுவாசப்பைப் புற்றுநோய் குறைவு என்று முன்னர்க் கண்டிருந்தனர். ஆகவே பின்லாந்திலே 29,133 புகைபிடிக்கும் ஆடவரைக் கொண்டு ஒரு பெரும் பரிசோதனை நடத்தினர். அதன் முடிவு 1994 இல் வெளிவந்தது. பீற்றா கரோற்றீன் மாத்திரை உண்டவர்க்கு அந்நோய் குறையவில்லை. நூற்றுக்கு 18 பங்கு கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த அதுபோன்ற இன்னொரு பரிசோதனையில் அக்கூடுதல் நூற்றுக்கு 28 ஆகக் காணவே, 1996 இல் அதனை இடைநடுவில் நிறுத்தினர். கனியிலே நன்மை செய்வதாகத் தோன்றிய பொருள், தனியே பிரிக்கப்பட்டுப் பேரளவில் மாத்திரையாய் வந்தபோது தீமை செய்தது. கனி என்பது ஒரு பொருள் அன்று, ஒரு கூட்டம். நாரும் நீரும் புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து, குடலில் வாழும் பற்றீரியாக்களின் கையிற் சென்று உருமாறி, அதன்பின்னரே இரத்தத்தை அடைகின்றது. எலாஜிக்கமிலம் சார்ந்த தனின்களை அப்பற்றீரியாக்கள் யூரோலிதின் என்னும் வேறு பொருளாக மாற்றுகின்றன. சோதனைக் குழாயில் ஒரு பழச்சாறு எத்தனை புள்ளி பெற்றது என்பது உடம்பில் அது என்ன செய்யும் என்பதற்குச் சான்றாகாது. அமெரிக்க விவசாயத் திணைக்களம் பழங்களின் தடுப்பாற்றலை அளந்து வெளியிட்டிருந்த அட்டவணையை 2012 இல் மீளப்பெற்றுக்கொண்டதும், விற்பனைக்காரர் அதனைத் தவறாகப் பயன்படுத்தினர் என்ற காரணத்தாலேயே. போத்தல்களின் மேல் இன்றுவரை அந்த எண்கள் அச்சேறுகின்றன என்பது வேறு கதை.

இன்னுமொன்று. காமரங்காய் என்றும் நட்சத்திரப்பழம் என்றும் நாம் சொல்லும் ஐந்து விளிம்புப் பழத்திலும் ஒட்சியேற்றத் தடுப்பிகள் நிறைய உண்டு. அதன் சாற்றை வெறுவயிற்றில் மிகுதியாகக் குடித்ததனாற் சிறுநீரகம் பழுதுற்றவர்களைப் பற்றி நம் நாட்டு வைத்தியர்களே எழுதியிருக்கின்றனர். அதிலுள்ள ஒட்சலேற்று என்னும் பொருளே காரணம். ஒரு பழத்தில் நல்லது ஒன்று இருந்தால் அப்பழம் முழுவதும் எவ்வளவு உண்டாலும் நன்று என்று முடிவு கட்டுவது, பாட்டில் ஒரு நல்ல வரி இருந்தால் பாட்டெல்லாம் நன்றென்று சொல்வது போன்றது.

நம் ஊரிலே நடப்பதைச் சொல்வதற்கும் வெட்கமாயிருக்கின்றது. சீனி வியாதியுள்ளவர்கள் கிளினிக்கிற் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, பல ஆயிரம் ரூபா கொடுத்து மலைப்பழத்தூள் வாங்கி உண்கின்றனர். காலிற் புண்ணோடு பின்னர் ஆஸ்பத்திரிக்குப் போகின்றனர். அம்மாத்திரையில் மெற்போமின் என்பது கலேகா என்னும் ஐரோப்பியச் செடியின் வழியாகப் பிறந்தது என்பதையும், 1957 இல் இஸ்ரேண் என்னும் பிரெஞ்சு வைத்தியர் அதனை நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார் என்பதையும் அவர்கள் அறியார். மூலிகைக்கும் மாத்திரைக்கும் பகை என்று யாரோ கற்பித்திருக்கின்றனர். பகை உண்மையில் அளந்து பார்த்ததற்கும் அளவாததற்கும் இடையிலேதான் இருக்கின்றது.

அளந்து பார்த்தால் முன்னோர் சொல் பொய்த்துவிடும் என்று அஞ்சுவோரும் உளர். அவர்க்கு நம் நாட்டுக் கொடி ஒன்றைக் காட்டலாம். சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு என்று வழங்கும் அக்கொடியின் மரத்திற் கடைந்த குவளையில் இரவில் நீர் ஊற்றிவைத்து, காலையிற் குடிப்பது சீனி வியாதிக்குப் பழைய கைமருந்து. படித்தவர் பலர் இதனைக் கண்டு நகைத்தனர். 1997 இல் யப்பானியரான யோஷிகாவாவும் அவருடைய குழுவினரும் அக்கொடியிலிருந்து சலாசினோல் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியத்தை அது தடுக்கின்றது என்று காட்டினர். கைமருந்தில் உண்மை இருந்தது. ஆயின் அது ஒட்சியேற்றத் தடுப்பு அன்று. முற்றிலும் வேறான தொழில். எல்லா மூலிகைக்கும் 'ஒட்சியேற்றத் தடுப்பி' என்னும் ஒரே பட்டத்தைச் சூட்டுவதனால், ஒவ்வொன்றின் தனித்தன்மையும் மறைந்து போகின்றது. மாணவர் எல்லார்க்கும் நற்சான்றுப் பத்திரத்தில் ஒரே வாசகத்தை எழுதிக் கொடுப்பது போன்ற வேலை இது.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு, காட்டியவர் யார் என்னும் வினாவுக்கு, மீள்வோம். இதற்கு விடையாக ஒரு வரலாறு உண்டு. அகத்தியர் வாழ்ந்த மலை என்று தமிழர் போற்றும் பொதிகை மலையிலேயே அது நடந்தது.

1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் என்னும் தாவரவியலாரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளரும் அம்மலையின் கேரளப் பக்கத்துக் காட்டுக்குட் சென்றனர். வழிகாட்டிகளாய்ச் சென்றவர் அம்மலையின் குடிகளான காணிக்காரர். ஏற்றத்தில் ஆய்வாளர்க்கு மூச்சு வாங்கிற்று, கால் தளர்ந்தது. காணிக்காரரோ வழியிலே ஏதோ சிறு காய்களைப் பறித்து மென்றுகொண்டு களைப்பின்றி நடந்தனர். ஆய்வாளரும் அதனை வாங்கித் தின்றனர், களைப்பு நீங்கிற்று. அது என்ன செடி என்று கேட்டபோது காணிக்காரர் உடனே சொல்லவில்லை. அது தம் குலத்தின் இரகசியம் என்று தயங்கினர். பலமுறை வேண்டியபின், அறிவைத் தவறாகப் பயன்படுத்தமாட்டோம் என்று உறுதி கூறியபின், செடியைக் காட்டினர். ஆரோக்கியப்பச்சை என்பது அதன் பெயர். தாவரவியலில் அதற்கு வழங்கும் பெயர் திரிக்கோபஸ் சைலானிக்கஸ். சைலானிக்கஸ் என்றால் இலங்கைக்குரியது என்பது பொருள். நம் தீவின் காட்டிலும் இச்செடி வளர்கின்றது. இங்கே யாரேனும் அதனை மென்று மலையேறினரோ, அறியோம். யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை.

அச்செடியை ஆய்ந்தபோது, களைப்பைக் குறைக்கும் இயல்பும் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொலிபீனோல் முதலான பொருள்களும் அதில் இருத்தல் தெரிந்தது. திருவனந்தபுரத்துக்கு அண்மையில் பாலோட்டில் உள்ள வெப்பவலயத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தார், அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி என்னும் மூன்றையும் அதனோடு சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கினர். 1995 இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்துக்குப் பத்து இலட்சம் இந்திய ரூபாவும் விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்கும் என்னும் ஒப்பந்தத்தில் உரிமை வழங்கினர். இதுவரை வழக்கமான கதை. அடுத்து நடந்ததுதான் புதிது. அவ்வருவாயிற் சரிபாதி காணிக்காரர்க்கு உரியது என்று அந்நிலையத்தார் தீர்மானித்தனர். பணத்தைப் பெறுவதற்காக 1997 இல் காணிக்காரரின் நலநிதியம் ஒன்று பதிவு செய்யப்பட்டது. காட்டியவர்க்குக் கணக்கிற் பங்கு கொடுத்த முன்மாதிரியாக உலகின் பல நாடுகளில் இதனை எடுத்துப் பேசுகின்றனர்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்லுதற்கில்லை. குலத்தின் இரகசியத்தை விற்பதற்குச் சிலர்க்கு மட்டும் என்ன உரிமை என்று காணிக்காரருள்ளேயே மூத்தோர் சிலர் வெகுண்டனர். காட்டிலிருந்து செடியை எடுப்பதற்கு வனத்திணைக்களம் தடை கூறிற்று. காட்டு நிழலை விட்டு வெளியே நட்டால் அச்செடி முன்போற் பயன் தருவதில்லை என்றும் கண்டனர். நூற்றுக்கு இரண்டிற் பாதி என்பது நூற்றுக்கு ஒன்று. அதுவா நீதி என்று கேட்பாரும் உளர். நாமும் கேட்போம். ஆயினும் அதியமான் பாட்டில் இல்லாத ஒன்று இங்கே நடந்தது. காட்டியவர் யார் என்பது எழுதப்பட்டது.

பொதிகையிலிருந்து வாழைச்சேனைக்கு வருவோம். நம் ஊர் கடலும் களப்பும் சூழ்ந்தது; மலைநாடு அன்று. ஆனால் மேற்கே பார்த்தால், வானம் தெளிந்த நாளிலே, குடும்பிமலை தெரியும். ஆங்கிலேயர் அதன் வடிவத்தைக் கண்டு பாரனின் தொப்பி என்று பெயரிட்டனர்; குடுமி என்று கண்ட நம் முன்னோரின் கண்ணே கூரியது என்போம். அம்மலையைச் சூழ்ந்த காட்டில் மாட்டுப்பட்டி வைத்திருப்போரும் தேனெடுப்போரும் தலைமுறை தலைமுறையாய்ச் சென்று வந்தனர். பாலை எப்பொழுது பழுக்கும், வீரைப்பழம் எந்தப் பக்கம், சூரைப்பழம் தின்றால் வயிற்றுக்கு என்ன செய்யும், எந்த வேரைத் தொடலாகாது என்று அவர்கள் அறிவர். வடக்கே வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் வேடர் குடியினர் உளர். அவர்களுடைய பாட்டன்மார்க்குக் காடு வாசிகசாலையாய் இருந்தது. போர் இந்தக் காட்டை நெடுங்காலம் அடைத்து வைத்தது. 2009 இல் அது முடிந்தபோது, காட்டுக்குப் போய்ப் பழகாத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டிருந்தது. பட்டிக்காரர் ஒருவர் நூறு செடியின் பெயர் சொல்வார். அவர் மகன் முப்பது சொல்வான். பேரன் நம் வகுப்பிலிருந்து ஒட்சியேற்றத் தடுப்பி என்பதற்கு வரைவிலக்கணம் சொல்கின்றான், நெல்லி இலையைக் காட்டினால் புளியிலையோ என்கின்றான். அவனைக் குறைகூறமாட்டோம். நெல்லி இலை புளியிலையை ஒத்ததே. அருகில் நின்று வேறுபாட்டைக் காட்டுவார் இல்லை என்பதே குறை.

குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். அப்பெயர்களை மனனஞ் செய்து ஒப்பிக்கும் மாணவரை மேடையில் ஏற்றிப் பரிசு கொடுக்கின்றோம். அவற்றுள் எத்தனை பூவை அம்மாணவர் கண்ணாற் கண்டிருப்பர் என்று கேட்டால் மேடை மௌனமாகிவிடும்.

எனவே பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒன்று சொல்ல விழைகின்றோம். விழாவென்றால் வளைவு கட்டுவது நம் நாட்டு வழக்கம். பெயர் பொறித்த கல், சீமெந்துத் தூண், வர்ணம். கட்டுவோரைத் தடுக்கமாட்டோம். அந்தச் செலவில் ஒரு சிறு பங்கை ஓர் ஏட்டுக்கு ஒதுக்குக என்பதே நம் வேண்டுகோள். உயர்தர வகுப்பு மாணவர் இருவர் இருவராகச் சென்று, காடறிந்த முதியோரையும் பரிகாரியார்களையும் கண்டு, அவர்கள் சொல்லும் செடிக்கு அவர்கள் வழங்கும் பெயரையே எழுதி, இலையை உலர்த்தி ஒட்டி, படம் பிடித்து, சொன்னவர் பெயரை அவர் இசைவோடு முதல் வரியிலே பொறித்தல் வேண்டும். வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது; அதன் திருகோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. தாவரவியற் பெயரைச் சரிபார்த்துக் கொடுக்க அங்கே அறிஞர் உளர். அவர்களுள் நம் பழைய மாணவரும் இருத்தல் கூடும். 1950களிலே வைக்கோலைக் கொண்டு கடதாசி செய்யும் ஆலை எழுந்த ஊர் நம்முடையது. கடதாசி செய்த ஊரில் எழுதுவதற்கா பஞ்சம்?

இதற்கு ஒரு தடை எழும். எழுதிவைத்தால் திருடர்க்கு வழிகாட்டியதாகாதோ? மூடிவைத்த அறிவே பாதுகாப்பன்றோ? பொருளுள்ள கேள்வி. ஆயின் மஞ்சளின் வழக்கை நினைவு கொள்ளுதல் வேண்டும். புண்ணுக்கு மஞ்சள் பூசுவதைத் தாம் கண்டுபிடித்ததாக அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று 1995 இல் காப்புரிமை பெற்றது. நம் பாட்டிமார் எல்லாரும் அறிந்த செய்தி! ஆயினும் பாட்டிமார் அறிந்திருந்தனர் என்று வாயாற் சொன்னால் அந்நீதி ஏற்காது. இந்திய விஞ்ஞான ஆராய்ச்சிச் சபையார் பழைய நூல்களையும் அச்சிட்ட கட்டுரைகளையும் சான்றாக எடுத்து முன்வைத்த பின்னரே 1997 இல் அவ்வுரிமை தள்ளுபடியாயிற்று. எழுதப்பட்டது காத்தது. எழுதப்படாத எத்தனையோ காக்கப்படவில்லை. ஆகவே எழுதுவோம், எச்சரிக்கையோடு எழுதுவோம். எந்தச் செடி எந்த இடத்தில் நிற்கின்றது என்பதை மட்டும் அச்சிடாது விடலாம். வேரோடு பிடுங்கிச் செல்வோர் அதனையே தேடுவர். முதியவர் ஒருவர் இதை எழுதாதே என்றால் எழுதாது விடுதல் வேண்டும். காணிக்காரரின் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது.

ஏட்டிலே மருந்தென்று எழுதியதெல்லாம் மருந்தாகிவிடாது என்பதையும் மாணவர்க்குச் சொல்லிவைப்போம். 'இன்னார் இதற்கு இதைக் கொடுப்பதாகச் சொன்னார்' என்பதே நம் வாசகம். குணமாக்கும் என்று நாம் எழுதமாட்டோம். அளந்து பார்ப்பது பல்கலைக்கழகத்தார் வேலை. நோயாளி எதை உண்பது என்று சொல்வது வைத்தியர் வேலை. பழத்தைப் பழமாக உண்பதற்கோ யாருடைய சீட்டும் வேண்டியதில்லை. காலையில் ஒரு நெல்லிக்காய், மாரிக்கு முன் கைநிறைய நாவற்பழம், வளவிலே ஒரு கொய்யா. இவை போத்தலை விட மலிவு, சுவையும் கூட. மலையகத்துத் தமிழ்ப் பெண்கள் கொய்து அனுப்பும் தேயிலையிலும் இதே பொலிபீனோல்கள் நிறைய உண்டு என்பதை, நாளொன்றுக்கு நான்கு முறை தேநீர் பருகும் நம் ஆசிரியர் அறைக்குச் சொல்லிவைக்கின்றோம். அதற்கு எவரும் இதுவரை மந்திரப்பெயர் சூட்டி ஆயிரக்கணக்கில் விலை வைக்கவில்லை. கொய்பவர் கைக்கும் அதிகம் போய்ச் சேரவில்லை.

ஏடு இரண்டு படியாக எழுதப்படல் வேண்டும். ஒன்று கல்லூரி வாசிகசாலையில் இருக்கும். மற்றையது சொன்னவர்களின் ஊருக்கே போகும். அவர்களுடைய பிள்ளைகள் வாசிக்கக் கூடிய எழுத்தில், அவர்களுடைய பெயர்களோடு. இதற்கு வேண்டியவை ஐம்பது தடித்த கொப்பி, பழைய தினசரித் தாள்கள் ஒரு கட்டு, பசை, இரண்டொரு வான் பயணத்துக்கு எரிபொருட் செலவு. கிரானிலும் வாகரையிலும் உள்ள பழைய மாணவர், தம் ஊரில் யாரைச் சென்று காணலாம் என்று பெயர் தந்தால், வரும் பாலைப்பழக் காலத்திலேயே தொடங்கிவிடலாம்.